ரிங்க் மூலையில் நிற்கும் ஸ்கவுட்டுகள்: சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோவில் ஒரு அரீனாவில் 14 வருடம் வேலை பார்த்தேன். ஐஸைச் சீராக்கும் சம்போனி வண்டியை ஓட்டுவதும், பிள்ளைகள் போன பிறகு உடை மாற்றும் அறைகளைக் கழுவுவதும் என் வேலை. சேர்ந்த புதிதில் ஐஸ் ஹொக்கியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் ஒரு வயதானவர், ஸ்கவுட். அதாவது, அணிகளுக்காகத் திறமையான இளம் ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர். பெயர் வேண்டாம்.

சனி ஞாயிறுகளில் பெற்றோர் எல்லாரும் ஹீட்டருக்குக் கீழே நடு வரிசையில் இருப்பார்கள். இவர் மட்டும் கோலுக்குப் பின்னால், மூலையில், மேல்படியில் நிற்பார். கையில் இரண்டு அணிகளின் பெயர்ப்பட்டியலும் ஒரு பென்சிலும். ஏன் பென்சில் என்று ஒருநாள் கேட்டேன். இந்தக் குளிரில் பேனா எழுதாது என்றார். அடுத்த கிழமை கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருடைய தாத்தா நீங்கள் என்று கேட்டதற்கு, யாருக்கும் இல்லை, ஒன்ராறியோ ஹொக்கி லீக் அணி ஒன்றுக்காகப் பெடியன்களைப் பார்க்கிறேன் என்றார். இளமையில் சின்ன லீக்குகளில் கோல்காப்பாளராக இருந்தவர். முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு வந்திருக்கிறார்.

மூலையில் நின்றால்தான் ஐஸின் முழு நீளமும் தெரியும், திரும்பி வருகிறவனின் முகமும் தெரியும் என்று விளக்கினார். பக் என்பது மட்டையால் தள்ளும் ரப்பர் வட்டு. "பக் வைத்திருப்பவனைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். நீ மற்ற ஒன்பது பேரையும் பார். பக் தன்னிடம் வருவதற்கு முன்னமே எத்தனை தரம் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறான் என்று எண்ணு." நான் எண்ணத் தொடங்கினேன். உண்மையாகவே விளையாட்டு வேறு மாதிரித் தெரிந்தது. சில பெடியன்கள் ஒரு தரமும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக் கிடைத்த பிறகுதான் என்ன செய்வது என்று யோசிப்பார்கள். அதற்குள் எதிரணிக்காரன் வந்துவிடுவான்.

அப்புறம் ஒருநாள் என்னிடமே விசாரித்தார். 17-ஆம் இலக்கக்காரன் பயிற்சி முடிந்து எப்போது வெளியே வருகிறான், பக்குகளை யார் பொறுக்குகிறார்கள், உன்னோடு எப்படிப் பேசுகிறான் என்று. வண்டி ஓட்டுகிற என்னிடம் இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று திகைத்துப் போனேன். "கோச் பார்க்கும்போது எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். கோச் போன பிறகு இங்கே நிற்பது நீ" என்றார். அறையைக் குப்பை இல்லாமல் விட்டுப் போவான், என் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அதைச் சொல்லிக் கூப்பிடுவான் என்றேன். அதையும் பென்சிலால் குறித்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் என் கண்ணையும் ஒருவர் கணக்கில் எடுத்தாரே என்று எனக்கு மனசு நிறைந்துபோனது.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பெயர் ஜெரி மெக்நமாரா. வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்-இல் ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணிக்காக 7 ஆட்டங்களே ஆடிய கோல்காப்பாளர். பிறகு அதே அணிக்கு ஸ்கவுட்டானார். 1972-73 குளிர்காலத்தில் ஒரு கோல்காப்பாளரைப் பார்க்க அவரைச் சுவீடனுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் அந்த ஆளுக்குக் காயம். வெறுங்கையோடு திரும்பாமல், அங்குள்ள பிரைனாஸ் அணி கனடாவில் இருந்து வந்த பாரி ஃபிளையர்ஸோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்கப் போனார். கனடாக்காரர்கள் முரட்டுத்தனமாக இடித்தார்கள். ஒரு சுவீடன்காரன் பயப்படாமல் எதிர்த்து நின்றான், நடுவர் அவனை வெளியே அனுப்பிவிட்டார். மெக்நமாரா உடை மாற்றும் அறைக்கே போய், ரொறன்ரோவில் ஆட விருப்பமா என்று கேட்டார். அவன்தான் பொர்யே சால்மிங். 16 பருவங்கள் லீஃப்ஸ் அணியில் ஆடி, 1996-இல் ஹொக்கி புகழ் மண்டபத்தில் இடம் பெற்றவர்.

அன்று மெக்நமாராவின் கண்ணில் பட்ட இன்னொரு சுவீடன்காரர் இங்கெ ஹம்மார்ஸ்ட்ரோம் என்பவர். 1973-இல் இருவரும் ஒன்றாகவே ரொறன்ரோ வந்தார்கள். எனக்கு அவர் கதைதான் பெரிது. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

*

அண்ணை, நான் மார்க்கத்தில் இருக்கிறேன். ஸ்கவுட் ஒருவரை நானும் சந்தித்தேன், வேறு விதமாக.

மகன் 7 வயதில் இருந்து ஹொக்கி. விடிய 5 மணிக்கு எழும்பி, காருக்குள்ளேயே புட்டும் முட்டைப் பொரியலும் ஊட்டிக்கொண்டு அரீனா அரீனாவாகப் போனோம். என் கணவர் இரட்டை வேலை பார்த்தார். ஸ்கேட், மட்டை, லீக் கட்டணம் என்று காசு எங்கே போனது என்றே தெரியாது. 15 வயதில் ஓ.எச்.எல் (ஒன்ராறியோ ஹொக்கி லீக்) தெரிவுக்கு, அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதுப் பெடியன்களை எடுக்கும் நாளுக்கு, அவன் பெயரும் அடிபடுகிறது என்று கோச் சொன்னதும் எனக்கு நித்திரை இல்லை.

ஒரு ஆட்டம் முடிந்து கார் தரிப்பிடத்தில் ஒரு ஸ்கவுட் நின்றார். நானே போய்க் கேட்டேன், என் பிள்ளையை எடுப்பீர்களா என்று. மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. "கெட்டிக்காரன், நன்றாக ஸ்கேட் செய்கிறான். ஆனால் பிழை விட்டுவிட்டு வாங்கில் வந்து இருந்ததும் ஐஸைப் பார்க்கவில்லை. மேலே அப்பாவைப் பார்த்தான். மூன்று தரமும் அப்படித்தான்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். கணவருக்கு அதைச் சொல்ல எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. சொன்னதும் ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டார். அடுத்த ஆட்டத்துக்கு உள்ளே வரவில்லை, காருக்குள்ளேயே இருந்தார். அன்று பிள்ளை சிரித்துச் சிரித்து விளையாடினான். அப்படி அவனைப் பார்த்து எவ்வளவு காலம்!

தெரிவு நாளன்று கணினிக்கு முன்னால் 15 சுற்றும் பார்த்தோம். அவன் பெயர் வரவில்லை. அந்த ஸ்கவுட் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் வீட்டுக்குள் நடந்ததை ஒரு மூலையில் நின்றே கண்டுபிடித்துவிட்டாரே என்பதுதான் இன்றைக்கும் மனசில் நிற்கிறது.

*

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மூன்று தரம் வாசித்தேன். நான் சொல்ல வந்த ஹம்மார்ஸ்ட்ரோம் கதையும் இதோடு சேர்ந்ததுதான்.

அவர் வேகமான, நுணுக்கமான ஆட்டக்காரர். ரொறன்ரோவில் முதல் நான்கு பருவங்களிலும் 20 கோல் அளவில் அடித்தவர். ஆனால் அடிதடிக்குப் போகமாட்டார். அந்தக் காலத்தில் பிலடெல்பியா ஃபிளையர்ஸ் என்றால் அடிதடிக்குப் பேர்போன அணி. சால்மிங்கையும் இவரையும் கோழைச் சுவீடன்காரர்கள் என்று கத்தி இடித்தார்கள். அதைவிடக் கொடுமை, சொந்த அணியின் முதலாளி ஹரல்ட் பலார்ட் சொன்னது. சட்டைப்பையில் ஆறு முட்டையோடு ஹம்மார்ஸ்ட்ரோமை ரிங்க் மூலைக்கு அனுப்பினாலும் ஒன்றுகூட உடையாமல் திரும்பி வருவார் என்றார் அவர். மூலைதான் பக்குக்காக இடிபடும் இடம். ஊரெல்லாம் சிரித்தது. 1977-இல் அவரை செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். என்.எச்.எல்-இல் மொத்தம் 116 கோல் அடித்தவரை அந்த முட்டைப் பேச்சோடுதான் இன்னும் நினைக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

பிறகு அவரும் ஸ்கவுட்டானார். வேலை கொடுத்தது யார் தெரியுமா? அதே பிலடெல்பியா! அவர்களுக்காக ஐரோப்பாவில் பிள்ளைகளைப் பார்த்தார். ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் என்ற சின்ன ஊரில் ஆடிய பீட்டர் ஃபோர்ஸ்பெர்க்கை எடுக்கச் சொன்னவர் அவர்தான். 1991 என்.எச்.எல் தெரிவில் பிலடெல்பியா அவனை 6-ஆவதாக எடுத்தபோது, இவ்வளவு முன்னாலா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். அடுத்த வருடமே எரிக் லின்ட்ரோஸை வாங்குவதற்காகக் கியூபெக் அணிக்குக் கொடுத்தவர்களில் அவனையும் சேர்த்துவிட்டார்கள். கியூபெக் அணி கொலராடோவுக்கு இடம் மாறியது. அங்கே ஃபோர்ஸ்பெர்க் 1996-இலும் 2001-இலும் என்.எச்.எல்-இன் ஸ்டான்லி கோப்பை வென்றான். அதற்கு முன்பே 1994 ஒலிம்பிக் இறுதியில் அவன் அடித்த கோலைச் சுவீடன் தபால் தலையிலேயே போட்டது. 2005-இல்தான் பிலடெல்பியாவுக்கு ஆட வந்தான்.

ஸ்கவுட்டின் வேலை அப்படித்தான். கண்டுபிடித்தது அவர், கோப்பை இன்னொரு ஊருக்கு. கோப்பையைத் தூக்கும் படத்தில் அவர் இருக்கமாட்டார். எங்கள் அரீனாவுக்கு வந்தவரும் ஒருநாள் சொன்னார், வாழ்நாளில் பாதியைக் காரிலும் மற்றப் பாதியைக் குளிரிலும் கழித்தேன் என்று. குறையாகச் சொல்லவில்லை. அப்போதும் கண் ஐஸில்தான் இருந்தது.

17-ஆம் இலக்கக்காரனை அவருடைய அணி எடுத்தது. பெடியன் வேறு ஊருக்குப் போவதற்கு முதல்நாள் அரீனாவுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனான். நான் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. ஸ்கவுட் அந்தக் குளிர்காலத்துக்குப் பிறகு வரவில்லை. ஐஸ் சீராக்கிக்கொண்டு அந்த மூலையால் திரும்பும்போது மேல்படியை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பேன்.

உங்கள் மகன் இப்போதும் விளையாடுகிறாரா, தங்கச்சி?