காட்டுயிர்ப் பாதுகாப்பில் மக்களுக்குரிய நீதி: ‘காப்புநீதி’ என்னும் சொல் குறித்து

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

முதுகலைக் காட்டுயிரியல் மாணவர்களுக்கான புதிய பாட அலகுக்குத் தலைப்புச் சொல் கேட்டு எழுதப்பட்ட மடலுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: காட்டுயிர் நீதி, பாதுகாப்புச் சமத்துவம், காட்டுயிர் ஒப்புரவு. மூன்றையும் பாடத்தின் உள்ளடக்கத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஒரு காட்டைச் சரணாலயமாகவோ புலிகள் காப்பகமாகவோ அறிவிக்கும்போது அதனால் விளையும் நன்மை நாடு முழுமைக்கும் போய்ச் சேருகிறது. மேய்ச்சல் நிலத்தையும் தேனெடுக்கும் பாறையையும் இழப்பவர்களும், யானை இறங்கிய ராகிக் காட்டை மறுநாள் காலையில் பார்த்து நிற்பவர்களும் அங்கேயே தலைமுறைகளாக வாழ்பவர்கள். இவர்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே அலகின் கேள்வி.

காட்டுயிர் நீதி என்று சொன்னால் யானைக்கும் புலிக்கும் செய்யவேண்டிய நீதி என்றே மாணவர் புரிந்துகொள்வார். அதுவும் ஒரு துறைதான்; அந்தப் பெயரை அதற்கே விட்டுவைப்போம். சமத்துவம் என்ற சொல் எல்லோரையும் ஒரே அளவில் நடத்துவதைக் குறிக்கிறது. நீலகிரியின் சீகூர்ப் பகுதியில் யானை வழித்தடத்தில் உள்ள விடுதி உரிமையாளர்களும் பிற தனியார் நில உரிமையாளர்களும் இடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. வழித்தடம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் வேறு ஊரில் தொழிலும் வீடும் வைத்திருக்கும் விடுதிக்காரரையும், கையகல நிலத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத குடும்பத்தையும் ஒரே அளவுகோலால் அளந்தால், அந்தச் சமத்துவமே அநீதியாகிவிடும் என்பதைத்தான் இந்தப் பாடம் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

ஒப்புரவு என்ற பரிந்துரைக்குக் குழுமத்தில் ஆதரவு மிகுதியாக இருப்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். சட்டநூல்களில் அச்சொல் வேறு பொருளில் ஆளப்படுவதை அறிவேன். ஆயினும் திருக்குறளில் ஒப்புரவறிதல் அதிகாரம் ஈகைக்கு முன்னால் நிற்கிறது. ஊருணி நீர் நிறைவதைப் போலப் பேரறிவாளனின் செல்வம் பிறருக்குப் பயன்படும் என்பது அதன் கருத்து. அங்கே பெருமை கொடுப்பவனுக்குரியது, பெறுபவனுக்குக் கேட்கும் உரிமை கிடையாது. யானை தாக்கி இறந்தவரின் குடும்பத்துக்கு வழங்கும் பணத்தை ‘இழப்பீடு’, ‘நிவாரணம்’, ‘கருணைத்தொகை’ என்று வெவ்வேறு விதமாக எழுதுகிறார்கள். இழப்பீடு என்றால் கொடுத்தே ஆகவேண்டிய கடன். கருணைத்தொகை என்றால் கொடுப்பவரின் மனம். இந்த வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதிய வைக்க விரும்பும் ஒரு பாடத்தின் தலைப்பே கொடைப் பண்பைக் குறிப்பது பொருந்தாது.

ஆகவே அலகின் முழுத் தலைப்பாகக் ‘காட்டுயிர்க் காப்பில் மக்களுக்குரிய நீதி’ என்பதையும், உள்ளே பயன்படுத்தும் சுருக்கச் சொல்லாகக் ‘காப்புநீதி’ என்பதையும் முன்மொழிகிறேன். (மக்கள்நீதி என்று இன்னும் சுருக்கலாம், ஆனால் வகுப்பில் கட்சி அரசியல் நுழைந்துவிடும்.) காப்பகம், காப்புக்காடு ஆகிய சொற்கள் வனத்துறையின் பலகைகளில் ஏற்கெனவே இருப்பதால் ‘காப்பு’ மாணவருக்குப் புதிதன்று. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தின்கீழ்க் காடுகள் காப்புக்காடுகளாக அறிவிக்கப்பட்டபோதே அங்கு வாழ்ந்தவர்களின் பல உரிமைகள் சுருங்கத் தொடங்கின என்பதால், நீதியைப் பற்றிய கேள்வி அந்தச் சொல்லோடு ஒட்டி எழுவது பொருத்தமும்கூட.

உட்பிரிவுகள் மூன்றுக்கும் சொல் வேண்டும். சுமையும் பயனும் யார் யாருக்கு எவ்வளவு என்பதற்குப் பங்கீட்டு நீதி போதும். பகிர்வு என்றால் நல்லவற்றை மட்டும் பகிர்வதாகத் தொனிக்கிறது. முடிவெடுப்பதில் யாருக்கு இடம் என்பதற்கு ‘நடைமுறை நீதி’ என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். ‘நடைமுறையில்’ என்ற அன்றாட வழக்கு குறுக்கிடும் என்பதால் முடிவெடுப்பு நீதி என்பதே தெளிவு. மூன்றாவது, அம்மக்களின் அடையாளத்தையும் அறிவையும் உரிமையையும் மதித்து ஒப்புக்கொள்வது; அதற்கு ‘ஏற்பு’ வேண்டா. ஏற்றல் என்பதற்கு இரத்தல் என்ற பொருளும் உண்டு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே ‘அங்கீகாரம்’ இருக்கிறது. வடசொல் என்று ஒதுக்காமல் அங்கீகார நீதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்றும் ஒருங்கே விளங்குவதற்குக் கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1974இல் அது சரணாலயமானபின் அங்கு வாழும் பழங்குடியினரான சோளகர்களின் இடம்பெயர் வேளாண்மையும், ‘தரகு பெங்கி’ என்று அவர்கள் அழைக்கும் சருகுத் தீயும் தடைசெய்யப்பட்டன. பின்னாளில் தேன், நெல்லி முதலியவற்றைச் சேகரித்து விற்பதற்கும் தடை வந்தது. அந்தத் தீ நின்றதால்தான் உண்ணிச்செடி (லாண்டானா என்னும் அயல்நாட்டுப் புதர்) காட்டை மூடியது என்பது சோளகர் கருத்து; அதை ஓர் அறிவாக எடுத்துக்கொண்டு ஆராய்வதும் அங்கீகாரத்தில் அடங்கும். 2011 ஜனவரியில் அது புலிகள் காப்பகமாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை (காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் உரிமை) வழங்கப்பட்டது; புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் இவ்வுரிமை கிடைத்தது அதுவே முதல்முறை. சத்தியமங்கலம் மலையிலும் சோளகர் வாழ்வதால் நம் மாணவர் கள ஆய்வுக்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை.

‘காப்புநீதி’ என்பது காப்புரிமையோடு குழம்பும் என்ற தடையை எதிர்பார்க்கிறேன். முதல் வகுப்பில் ஒருமுறை விளக்கினால் தீரக்கூடிய குழப்பம் அது.

தீராத ஒன்று உண்டு. காப்பகங்களிலிருந்து குடும்பங்களை வெளியேற்றும் திட்டத்தை ஆவணங்கள் ‘தன்விருப்ப இடமாற்றம்’ என்கின்றன. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாயாக 2008இல் வகுக்கப்பட்ட தொகை 2021இல் 15 லட்சமாக உயர்ந்தது. வன உரிமைச் சட்டமோ, கிராம சபை விவரமறிந்து சுதந்திரமாகத் தரும் எழுத்துவழி ஒப்புதலைக் கேட்கிறது. பள்ளியும் சாலையும் மருத்துவமும் பல்லாண்டுகளாக எட்டாத ஊரில், போகிறோம் என்று மக்கள் சொல்லும்போது அதைத் தன்விருப்பம் என்று பாடநூலில் எழுதலாமா? வெறுமனே ‘இடமாற்றம்’ என்று மட்டும் எழுதிவிட்டு, விருப்பமா இல்லையா என்பதை ஒவ்வோர் ஊரையும் வைத்து மாணவரையே ஆராயச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சட்டம் அறிந்த அன்பர்கள் இதற்கு ஏற்ற சொல்லைப் பரிந்துரைக்குமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
குழும உறுப்பினர்