வாளியா, ஷவரா? எங்கள் அடுக்ககத் தீர்மானம்

மாடிவீட்டுக்காரி:
எங்கள் அடுக்ககத்தில் 24 வீடு. எல்லார் குளியலறையிலும் ஷவரைக் கழற்றிவிட்டு வாளிக்கு மாறலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். 2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரியும் வறண்டு கிடந்ததைப் பார்த்தவள் நான். ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. இந்தச் சென்னையில் இருந்துகொண்டு பத்து நிமிஷம் ஷவரைத் திறந்துவிட்டு நிற்க மனசு வரவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

முகப்பேர்வாசி:
எதிர்க்கிறேன் அக்கா. அம்மாவுக்கு வயது 76, இரண்டு முழங்காலும் தேய்மானம். குனிந்து மக்கில் மொள்ளும்போது ஒருநாள் கால் வழுக்கிவிட்டது. குழாயைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தார். மறுநாளே கைஷவர் மாட்டினேன். இப்போது பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து தானே குளிக்கிறார். "இனிமே முதுகுக்கு ஊத்த யாரையும் கூப்பிட வேணாம்டா" என்று அன்றைக்குச் சொன்னார். அதைக் கழற்று என்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அளந்து பார்த்துவிட்டுப் பேசுவோம். என் வீட்டு ஷவருக்குக் கீழே 20 லிட்டர் வாளியை வைத்தேன். 1 நிமிஷம் 50 விநாடியில் நிரம்பிவிட்டது. அப்படியென்றால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 11 லிட்டர். என் மகன் 8 நிமிஷம் நிற்கிறான், 88 லிட்டர் போச்சு. நான் வாளியில் குளித்தால் 25 லிட்டர் தாண்டாது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு, சமையல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்தே ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்றுதான் அரசு திட்டமிடுகிறது. கரண்டும் இருக்கிறது: 15 லிட்டரை 30 டிகிரி சூடேற்றவே அரை யூனிட் ஆகும்.

முகப்பேர்வாசி:
அம்மா சோப்புப் போடும்போது மூடிவிடுவார், கைப்பிடியிலேயே விசை இருக்கிறது. மொத்தம் 2 நிமிஷம்தான் ஓடும். உங்கள் கணக்குப்படியே 22 லிட்டர். வாளியைவிடக் குறைவு!

மாடிவீட்டுக்காரி:
அம்மா விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன் தம்பி, அதை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் 24 வீட்டிலும் அப்படி மூடுவார்களா? எங்களுக்கு வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் கிடையாது. லாரித் தண்ணீர்ச் செலவைச் சமமாகப் பிரிக்கிறோம். 2 பேர் வீடும் 6 பேர் வீடும் ஒரே பணம். வாளியில் தண்ணீர் தீர்வது கண்ணுக்குத் தெரியும், கை தானாகக் குறைத்து ஊற்றும். தீர்மானத்தை மாற்றிக்கொள்கிறேன்: சுவர் ஷவரை மட்டும் கழற்றுவோம். வயதானவர்கள், கால் முடியாதவர்கள் இருக்கிற வீட்டில் விசை வைத்த கைஷவர் இருக்கட்டும்.

முகப்பேர்வாசி:
அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை. மீட்டரையும் அதே தீர்மானத்தில் சேர்த்துவிடுங்கள் அக்கா. கைஷவர் மாட்டுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: குளித்து முடித்ததும் விசையை மட்டும் மூடினால் போதாது, சுவர்க் குழாயையும் மூட வேண்டும். இல்லையென்றால் ஹோஸில் அழுத்தம் நின்று ஒருநாள் பொத்துக்கொள்ளும்.