பெற்றோரின் வீடு கைமாறிவிட்டது. அப்பாவின் வேதாகமம் என்னிடம் இருக்கலாமா?

கேள்வி:
பெற்றோர் இருவரும் காலமானபின், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைச் சென்ற மாதம் விற்றுவிட்டோம். பொருள்களைப் பிரித்துக்கொண்டபோது நான் கேட்டு வாங்கியது அப்பாவின் வேதாகமத்தை மட்டுமே. இரவுதோறும் அவர் ஓர் அதிகாரம் வாசிப்பார். பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் சொன்னபின் எல்லாரும் முழங்காற்படியிடுவோம். ஜெபம் நீளும்போது தூக்கத்தில் சரியும் என் தலையை அம்மாவின் கை தாங்கிக்கொள்ளும். எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே, வேதாகமப் பாடல்களான சங்கீதங்களில் 121-ஆம் சங்கீதத்தின் எட்டு வசனங்களையும் ஒப்பித்தவள் நான்.

என் மகன் நோயுற்று இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து என்னால் ஜெபிக்க முடியவில்லை. காக்கிறவர் உறங்கமாட்டார் என்று அதே சங்கீதம் சொல்லும் இடத்தில் எனக்குக் கோபம் வருகிறது. ஆனாலும் அந்தப் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஜெபிக்காத ஒருத்தி அதை வைத்திருப்பது முறையா? இந்த நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1:
சகோதரி, மனைவியை அடக்கம் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சிறுவயதில் எங்களுக்குத் துதியின் சங்கீதங்களையே மனப்பாடமாகக் கொடுத்தார்கள். மொத்தமுள்ள 150-இல் முறையீடும் புலம்பலும் எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்பதை என் வீடு வெறிச்சோடிய பிறகே கண்டேன். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். அழுகையில் தொடங்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையை எட்டி நிறைவுறும். இதுவோ இருளைச் சொல்லியே நின்றுவிடுகிறது. வேதாகமத்தில் யோபு என்ற நல்லவர் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்தபோது, அவர் செய்த பாவமே காரணம் என்று அவருடைய நண்பர்கள் கடவுளின் பக்கம் நின்று வாதாடினார்கள். ஆயினும் யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபத்துக்கு ஆளாகிறவர்கள் அவர்களே. உங்கள் மகனின் நோய்க்குக் காரணம் கற்பித்து யாரேனும் உங்களைப் புண்படுத்தியிருந்தால், அந்த அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோபத்தோடு திறப்பவருக்கும் அந்தப் புத்தகம் உரியதுதான்.

மறுமொழி 2:
நான் சற்று மாறுபடுகிறேன். நம்பிக்கையை விட்டு விலகி 20 ஆண்டுகள் ஆகியும் என் அம்மாவின் வேதாகமத்தை நான் வைத்திருக்கிறேன். நான் வேலையிழந்த நாள், எனக்கு அறுவைச் சிகிச்சை நடந்த நாள் என ஓரங்களில் பென்சிலால் தேதிகளைக் குறித்திருக்கிறார். எனக்காக அவர் எந்த வசனத்தைப் பற்றிக்கொண்டிருந்தார் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. அந்த அன்புக்காகவே அதை வைத்திருக்கிறேன். என்றாவது மீண்டும் ஜெபிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீங்களும் உங்கள்மேல் சுமத்திக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி 3:
வீடு போனதைப் பற்றி ஒன்று. வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளிடம் இந்த வார்த்தைகளைப் பேசுங்கள் என்றும், அவற்றை வாசல் நிலைகளில் எழுதுங்கள் என்றும் வேதாகமத்தின் உபாகமம் என்ற புத்தகத்தின் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. அதைக் கேட்ட இஸ்ரவேலர், யோர்தான் நதியைக் கடந்து தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் இன்னும் போகாமல் கூடாரங்களில் இருந்தவர்கள். கட்டளையில் வரும் வாசல் நிலைகள் அவர்களுக்கு அன்று சொந்தமாக இல்லை.

கேட்டவரின் மறுமொழி:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு 88-ஆம் சங்கீதத்தைத் திறந்தேன். அந்தப் பக்கத்தில் அப்பாவின் கோடு எதுவும் இல்லை. முதல் வசனத்தை மட்டும் வாய்விட்டு வாசித்தேன், அதற்குமேல் முடியவில்லை. புத்தகம் என்னிடமே இருக்கட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.