15,000 ரூபாய்க்குள் மெட்டல் டிடெக்டர்: தேரி மண்ணுக்கும் கடற்கரைக்கும் எது சரிப்படும்?

தேரிப்பனை:

ஊர் சாத்தான்குளம் பக்கம். மூன்று வேலைக்கு ஒரு மெட்டல் டிடெக்டர் வேண்டும். தோட்டத்தில் பழைய ஜிஐ தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கணும். ஒன்றரை இஞ்சுக் குழாய், இரண்டடி ஆழத்தில் கிடக்கலாம். அடுத்தது, வேலை செய்யும்போது வயலிலும் தேரி மணலிலும் விழுந்துபோகிற மோதிரம், கம்மல், தாலி உருப்படிகளைத் தேடுவது. எப்போதாவது திருச்செந்தூர் கடற்கரைக்கும் கொண்டுபோவேன்.

கையில் இருப்பது 15,000. மிஞ்சிப்போனால் 20,000.

"தங்கத்தை மட்டும் காட்டும், 2 மீட்டர் ஆழம் போகும்" என்று ஒரு விளம்பரம் திரும்பத் திரும்ப வருகிறது. நம்பலாமா? சிலவற்றில் 6.5 கிலோஹெர்ட்ஸ், சிலவற்றில் 12 என்று போட்டிருக்கிறார்கள், எதைப் பார்த்து வாங்குவது? தோண்டி எடுப்பதில் சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

செப்புச்சுருள்:

உங்கள் விஷயத்தில் மாடலைவிட மண்தான் முதலில். தேரி மணலின் சிவப்பே இரும்பு ஆக்சைடு. கூடவே இல்மனைட் மாதிரி கனிமங்களும் கலந்திருக்கும். டிடெக்டரின் காயில் (coil, தரைக்கு மேலே வீசுகிற கம்பிச்சுருள் தட்டு) மண்ணுக்குள் அனுப்புகிற காந்தப் புலத்துக்கு இந்த மண்ணே பதில் சொல்லும். கருவி அதை உலோகம் என்று நினைத்துக் கத்தும், அல்லது அந்த இரைச்சலுக்குள் மோதிரத்தின் சிக்னல் அமுங்கிப்போகும். வண்டல் மண்ணில் 20 செமீ வரை காசைக் காட்டுகிற கருவி தேரியில் 8, 10 செமீயிலேயே திணறுவது இதனால்தான்.

இதற்கு மருந்து கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண் தருகிற பதிலைக் கருவி கண்டுகொள்ளாதபடி சரிசெய்வது. மூன்று வகை உண்டு. தொழிற்சாலையில் ஒரே அளவில் பூட்டி அனுப்புவது ஒன்று, நாமே சரிசெய்வது இன்னொன்று, நடக்க நடக்கத் தானே சரிசெய்துகொள்வது மூன்றாவது. காரெட் ஏஸ் 200, 300 நல்ல கருவிகள், நெடுநாள் உழைக்கும். ஆனால் அவை முதல் வகை. சாதாரண செய்மண்ணுக்குப் போதும், தேரிக்கு என் ஓட்டு கிடையாது. மைன்லேப் வான்குவிஷ் வரிசை ஒரே நேரத்தில் பல அலைவரிசையில் இயங்கும், மண்ணுக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும். நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸில் 12 கிலோஹெர்ட்ஸ் ஒன்றுதான், ஆனால் கிரவுண்ட் பேலன்ஸை நாமே போடலாம், கடற்கரைக்கென்று தனி மோடும் உண்டு. முழுக் கருவியும் 3 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும். வான்குவிஷில் காயில் மட்டும்தான் நனையலாம், மேலே இருக்கிற பெட்டி நனையக்கூடாது. அலை மேலே அடித்தால் கதை முடிந்தது.

விலை கடைக்குக் கடை மாறுகிறது, இறக்குமதி வரியும் சேரும், அதனால் தொகை போடவில்லை. 15,000க்குள் புதிதாகக் கிடைப்பது பெரும்பாலும் பெயர் தெரியாத சீனக் கருவிகள். இந்த மூன்று பிராண்டுகளில் பழையது கிடைத்தால் 20,000க்குக் கிட்டே வரலாம். பழையதே மேல் என்பேன். சீனக் கருவிதான் என்றால் கையேட்டை முதலில் இறக்கிப் படியுங்கள். கிரவுண்ட் பேலன்ஸ் போடுவது எப்படி என்று அதில் ஒரு பத்தியாவது இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கிலோஹெர்ட்ஸ் கேட்டீர்கள். குறைந்த அலைவரிசை வெள்ளி, செம்பு மாதிரி மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற உலோகத்துக்கும் பெரிய பொருளுக்கும் ஒத்துவரும். சின்னத் தங்கம் உயர்ந்த அலைவரிசையில்தான் பளிச்சென்று கேட்கும். 6.5இல் மோதிரம் கிடைக்கும், கம்மல் திருகாணி கிடைப்பது அபூர்வம். உங்கள் தேவைக்கு 12 முதல் 15 வரை நல்ல நடுவாந்திரம்.

காயில் டபுள் டி வகையாக, அதாவது உள்ளே D வடிவச் சுருள் இரண்டு இருப்பதாக இருக்கட்டும். கனிம மண்ணில் வட்டத்துக்குள் வட்டமான கான்சென்ட்ரிக்கைவிட இது அமைதியாக ஓடும். 10, 11 இஞ்சு போதும். இன்னும் பெரிதாக வாங்கினால் ஆழம் கொஞ்சம் கூடும், ஆனால் சின்னப் பொருள் தப்பும், அரைமணி நேரத்தில் தோள் வலிக்கும்.

உப்பளத்தான்:

செப்புச்சுருள் சொன்னதோடு கடற்கரையைச் சேர்த்துக்கொள்கிறேன்.

காய்ந்த மணலில் எந்தக் கருவியும் ஓடும். பிரச்சினை அலை நனைத்த மணலில். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் ஒற்றை அலைவரிசைக் கருவி, காயில் மேலே போனாலும் கீழே வந்தாலும் கிறீச்சிடும். பல அலைவரிசைக் கருவி இதைச் சமாளிக்கும். ஒற்றை அலைவரிசை என்றால் சென்சிட்டிவிட்டியைப் பாதிக்குக் குறையுங்கள், காயிலைத் தரையிலிருந்து 5 செமீ உயரத்தில் ஏற்ற இறக்கம் இல்லாமல் பிடியுங்கள், ஈரமும் காய்ந்ததும் மாறி மாறி வரும்படி குறுக்கே நடக்காமல் கரைக்கு இணையாக நடங்கள். கருமணல் திட்டு வந்தால் கிரவுண்ட் பேலன்ஸை மறுபடி போட்டே ஆகணும். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் இது இன்னும் மோசம்.

கோயில் கடற்கரையில் என்னென்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது: ஊக்கு, ஹேர்பின், தூண்டில் ஈயக்குண்டு, பாட்டில் மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள், செப்புத் தகடு. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் திரையில் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். "குப்பை எண்" என்று டிஸ்கிரிமினேஷனில் (வேண்டாத உலோகத்துக்குச் சத்தம் வராமல் ஒதுக்குகிற அமைப்பு) அந்த இடத்தை வெட்டினால் தங்கமும் சேர்ந்து போய்விடும். தங்கம் தேடுகிறவர் அலுமினியத்தைத் தோண்டத்தான் வேண்டும், வேறு வழியே இல்லை.

இன்னொன்று, இப்போதைய 1 ரூபாய், 2 ரூபாய்க் காசுகள் காந்தம் ஒட்டுகிற துருப்பிடிக்காத எஃகு. இரும்பை மறைக்கும்படி வைத்தால் அந்தக் காசுகளும் மறையலாம், அல்லது எண் தாறுமாறாகத் தாவும். வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற காசு எண்களை நம்பி நம் ஊரில் தேடாதீர்கள். 1, 2, 5, 10 ரூபாய்க் காசுகள், ஒரு மோதிரம், ஒரு ஆணி, ஒரு மாத்திரை அட்டை எல்லாவற்றையும் காயில் முன்னால் ஆட்டி உங்கள் கருவி என்ன எண் காட்டுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தாலிக்கொடி பற்றி: சங்கிலியைக் கருவி ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கண்ணியாகத்தான் பார்க்கும். மெல்லிய சங்கிலி எவ்வளவு பவுன் இருந்தாலும் சிக்னல் மங்கலாகத்தான் வரும். காட்டிக்கொடுப்பது கொக்கியும் தாலியும் குண்டுகளும்தான். மோதிரம் இதற்கு நேரெதிர். மூடிய வளையம் என்பதால் எடைக்கு மிஞ்சிச் சத்தம் போடும். வெட்டுப்பட்ட மோதிரமென்றால் அந்தச் சத்தம் நன்றாகக் குறைந்துவிடும்.

வயலில் நகை விழுந்தால் தேடி முடிக்கிற வரை ஏர், டிராக்டர் எதையும் இறக்கக்கூடாது. மேலே 3 செமீயில் கிடப்பது ஒரே உழவில் 15 செமீக்குப் போகும், இடமும் மாறும். கயிறு கட்டி ஒரு மீட்டர் அகலத்துக்குப் பாத்தி பிரித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மூடும்படி போங்கள். முடிந்ததும் அதே பாத்தியைக் குறுக்கு வாட்டில் ஒருமுறை. வளையம் நின்ற வாக்கில் செருகிக் கிடந்தால் ஒரு திசையில் கேட்காதது மறு திசையில் கேட்கும்.

நன்செய்:

சட்டம் கேட்டிருந்தார், யாரும் தொடவில்லை.

சொந்த நிலத்தில் விழுந்த சொந்த நகையைத் தேடுவதில் சிக்கல் இல்லை. புதைந்து கிடந்த பழைய பொருள் கிடைத்தால் 1878ஆம் வருடத்து இந்தியப் புதையல் சட்டம் வரும். மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் போனால் என்ன கிடைத்தது, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதியில் என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய்தான், அச்சுப்பிழை இல்லை. மறைத்தால் உங்கள் பங்கு போகும், ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். 100 ஆண்டுக்கு மேற்பட்ட காசு, சிலை எல்லாம் 1972ஆம் வருடத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி தொல்பொருள். இஷ்டத்துக்கு விற்க முடியாது.

ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை எல்லாம் உங்கள் மாவட்டம்தான். அந்தப் பக்கம் டிடெக்டரோடு போகவே வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடமாக இல்லாவிட்டாலும் சரி, தாழி ஓடு மேலே தெரிகிற பறம்பில் ஒரு குழி போட்டால் எந்த அடுக்கில் எது கிடந்தது என்கிற தகவல் அழிந்துவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

கடற்கரையில் அடுத்தவர் நகை கிடைத்தால் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். எடுத்து வைத்துக்கொண்டால் அது பழைய இந்திய தண்டனைச் சட்டம் 403, இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதை 314.

செப்புச்சுருள்:

"தங்கத்தை மட்டும்" விளம்பரத்துக்கு வருகிறேன், முன்பு விட்டுப்போனது.

தங்கத்துக்கென்று தனி அலைவரிசை கிடையாது. டிடெக்டர் அளப்பது பொருளின் கடத்துதிறன், அளவு, வடிவம் மூன்றும் கலந்த ஒரு பதிலை. அதே பதிலை வேறு உலோகமும் தரும். இரண்டு ஆன்டெனாக் கம்பியோடு வந்து "200 மீட்டர் தூரத்திலிருந்து புதையலை இழுக்கும்" என்கிற கருவிகள் பச்சை மோசடி. ஏடிஇ 651 என்று ஒன்றை வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவி எனச் சொல்லி ஈராக்குக்கு விற்றார்கள். உள்ளே வேலை செய்கிற எதுவுமே இல்லை. விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013இல் பிரிட்டன் நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. இங்கே புதையல் ஆசையில் விற்பதும் அதே சரக்குதான், மேலே ஒரு எல்சிடி திரை, அவ்வளவுதான்.

"2 மீட்டர்" என்பது பீப்பாய் அளவுப் பொருளுக்கு, காற்றில் அளந்து சொல்கிற கணக்கு. மோதிரத்துக்கு 10 முதல் 15 செமீ என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சை, வெள்ளைப் பூப்பு இருக்கக்கூடாது. கருவியை ஆன் செய்து காயில் ஒயரை இணைப்புப் பக்கம் ஆட்டுங்கள், காயிலை விரலால் தட்டுங்கள். இரண்டிலும் சத்தம் வரக்கூடாது. வந்தால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது காயிலுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. புதுக் காயில் விலையைக் கேட்டால் பேரமே முறிந்துபோகும். இந்தச் சோதனையை டைல்ஸ் தரையில் வைத்துச் செய்யாதீர்கள், அடியில் கான்கிரீட் கம்பி இருக்கும். கையில் காப்பு, மோதிரம், செல்போன் இல்லாமல் வெளியே மண்ணில் செய்யுங்கள்.

பணத்தில் ஒரு பங்கைப் பின்பாயின்டருக்கு ஒதுக்குங்கள். தோண்டிய மண்ணுக்குள் பொருள் எங்கே என்று காட்டுகிற கைக்கருவி அது. இது இல்லாமல் செம்மண்ணில் ஒரு திருகாணியைத் தேடுவது வைக்கோல் படப்பில் ஊசி தேடுகிற வேலை. சாதாரண விலையில் கிடைப்பதே போதும். பெரிய பிராண்டுகளின் போலிகளும் உலவுகின்றன, அதனால் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் அங்கீகரித்த விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

தேரிப்பனை:

எல்லோருக்கும் நன்றி. பழைய சிம்ப்ளெக்ஸ் பிளஸ் ஒன்று விசாரிக்கிறேன். இரண்டு சந்தேகம். குழாயைப் பற்றி யாரும் சொல்லவில்லையே அண்ணாச்சி? கிணற்றடியில் மோட்டார் ஓடும், மேலே மின்கம்பியும் போகிறது, அதனால் ஏதாவது ஆகுமா? கிரவுண்ட் பேலன்ஸ் போடுவது எப்படி என்றும் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

உப்பளத்தான்:

கிரவுண்ட் பேலன்ஸ்: உலோகம் இல்லாத ஒரு இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அதற்குரிய பொத்தானைப் பிடித்தபடி காயிலைத் தரைக்கு 3 செமீ வரை இறக்கி, 15, 20 செமீ வரை தூக்கி, மறுபடி இறக்கி, இப்படி ஏழெட்டு முறை. திரையில் எண் ஒரே இடத்தில் நின்றதும் விடுங்கள். தேரியிலிருந்து வயலுக்குப் போனால் மறுபடி. எண் நிற்காமல் ஓடினால் கீழே ஆணியோ கம்பியோ கிடக்கிறது, இரண்டடி தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.

மோட்டார்: ஓடும்போது கிட்டே தேடவே முடியாது. ஸ்டார்ட்டரை அணைத்து, மெயினையும் இறக்கிவிடுங்கள். மின்கம்பிக்கு அடியில் சென்சிட்டிவிட்டியை இரண்டு மூன்று படி குறைக்கணும். சிம்ப்ளெக்ஸில் அலைவரிசையைக் கொஞ்சம் நகர்த்துகிற வசதி உண்டு, அதையும் போட்டுப் பாருங்கள். காயிலை அசைக்காமல் பிடித்தாலும் கத்தினால் அது மின்சார இரைச்சல். அசைத்தால் மட்டும் கத்தினால் மண்.

குழாய்: ஜிஐ என்றால் இரும்பு, ஆகவே டிஸ்கிரிமினேஷனை முழுக்க எடுத்துவிட்டு எல்லா உலோகமும் கேட்கும்படி வையுங்கள். தேரியில் இரண்டடி என்பது விளிம்பு, எல்லா இடத்திலும் கேட்காது. சாக்கெட், எல்போ, வால்வு இருக்கிற இடம்தான் முதலில் காட்டும். குழாய் போகும் என்று நினைக்கிற திசைக்குக் குறுக்காக ஒரு மீட்டருக்கு ஒரு வீச்சு போட்டு, சத்தம் வந்த இடத்தில் எல்லாம் மரக்குச்சி நடுங்கள். நாலைந்து குச்சி நேர்கோட்டில் வந்தால் அதுதான் குழாய். இடையில் யாராவது பிவிசி மாற்றியிருந்தால் அங்கே சிக்னல் நின்றுபோகும். அதன் ஒரு முனை திறந்திருந்தால் எலக்ட்ரீசியன்கள் ஒயர் இழுக்கிற எஃகு ஸ்பிரிங்கை உள்ளே தள்ளுங்கள், அரையடி ஆழத்துக்குள் இருந்தால் கருவி அதைப் பிடிக்க வாய்ப்பு உண்டு. அதற்கும் கீழே என்றால் ஒயர் டிரேசர் (உள்ளே விட்ட ஒயரின் தடத்தை மேலிருந்து காட்டுகிற கருவி) வைத்திருக்கிறவரை ஒருநாள் வாடகைக்குக் கூப்பிடுவதுதான் சரி.