பணிச்சாரை, பணியாற்றி, ஒப்புகை: மூன்று பரிந்துரைகள்

வணக்கம் நண்பர்களே,

நிரலாக்க வழிகாட்டியின் மொழிபெயர்ப்புக்குச் சொல் தேடும் இந்த இழையில், வொர்க் கியூவுக்கு, அதாவது பின்னணியில் செய்யவேண்டிய பணிகள் தம் முறைக்குக் காத்திருக்கும் இடத்துக்கு, ‘பணி வரிசை’ போதும் என்று பலர் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பைத்தானில் செலரி அல்லது ஆர்க்யூ (இரண்டும் பணிகளைப் பின்னணியில் ஓட்ட உதவும் மென்பொருள்கள்) வைத்து எழுதும்போது தரவுத்தளமும் கூடவே வரும். அட்டவணையின் ரோவுக்கு நாம் ஏற்கெனவே வரிசை என்கிறோம், சார்ட் செய்வதற்கு வரிசைப்படுத்து என்கிறோம். அப்படியானால் ‘வரிசைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பணியை வரிசையில் சேர்க்கவும்’ என்றுதான் ஆவணத்தில் எழுத வேண்டியிருக்கும். புதிதாகப் படிக்க வரும் மாணவர் இதை வைத்து என்ன செய்வார்?

என் பரிந்துரை பணிச்சாரை. எறும்புகள் சாரையாகப் போகின்றன, மக்கள் சாரை சாரையாக வந்தார்கள் என்று எல்லோரும் சொல்வதுதான். ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. கியூவுக்கும் அதுதானே வேண்டும். சாரை என்றதும் பாம்பு நினைவுக்கு வரும் என்பார்கள். வரட்டும், ‘பணி’ முன்னால் நிற்கும்போது யாரும் குழம்பப்போவதில்லை. முன்னுரிமைச் சாரை, சாரையில் சேர், சாரையிலிருந்து எடு என்று நீட்டிக்கொள்ளவும் வசதி.

அடுத்தது வொர்க்கர், அதாவது கியூவிலிருந்து பணிகளை எடுத்துச் செய்யும் நிரல். இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ‘பணியாளர்’ என்று வைத்தால் தமிழ் இலக்கணம் நம்மை விடாது, வினையும் உயர்திணையில்தான் முடிந்தாக வேண்டும்: ‘பணியாளர் நினைவகம் போதாமல் இறந்துவிட்டார், அவரை மீண்டும் தொடங்கவும்.’ அது சர்வரில் ஓடும் ஒரு புரோசஸ், ஆள் அல்ல. ஆர்க்யூவில் அது ஒவ்வொரு வேலைக்கும் தன்னிலிருந்து ஒரு துணைப் புரோசஸைக் கிளப்பி, வேலையை அதனிடம் கொடுத்துவிட்டு முடியும்வரை காத்திருக்கும். இதையெல்லாம் ‘அவர்’ என்று எப்படி விளக்குவது? அதனால் பணியாற்றி என்கிறேன். ‘பணியாற்றி வந்தார்’ என்பதில் உள்ள வினையெச்சம் போலவே இருக்கிறதே என்று கேட்கலாம். உலாவி, வழங்கி எல்லாமே அப்படி இருக்கும் சொற்கள்தான், புழக்கத்தில் நன்றாகவே நிற்கின்றன. ‘பணியாற்றி நின்றுவிட்டது’ என்று அஃறிணையில் எழுத முடிவதே எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் அக்னாலெட்ஜ்மென்ட், அதாவது பணி கிடைத்தது அல்லது முடிந்தது என்று பணியாற்றி திருப்பிச் சொல்வது. அது வந்ததும் பணி சாரையிலிருந்து நீங்கிவிடும். இதற்குப் புதுச்சொல் தேவையே இல்லை, முன்பு பதிவுத் தபாலோடு வந்த ஒப்புகை அட்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டால் போதும். செலரியில் இயல்பாக, பணியைத் தொடங்கும் முன்பே பணியாற்றி ஒப்புகை கொடுத்துவிடும். நடுவில் மின்சாரம் போய் சர்வரே நின்றால் அந்தப் பணி போனதுதான். அமைப்பை மாற்றி, பணியை முடித்தபின் ஒப்புகை கொடுக்கச் சொன்னால் பணி திரும்பி வரும். ஆனால் அங்கே வேறு கவனம் வேண்டும்: பணிகளை வைத்திருக்க ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கைப் பயன்படுத்தினால், இயல்பமைப்பில் 1 மணி நேரத்துக்குள் ஒப்புகை வராத பணி இன்னொரு பணியாற்றியிடம் போய்விடும், அதாவது நீளமான வேலை இரண்டு தடவை ஓடும். பணம் கழிக்கும் பணி என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முன்னொப்புகை, பின்னொப்புகை என்று இரண்டு சொற்கள் கையில் இருந்தால் இந்த வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

பேக்ரவுண்டுக்குப் பின்னணி, ரீட்ரைக்கு மறுமுயற்சி. இரண்டும் சரி, மாற்ற வேண்டாம்.

பணியை அனுப்பும் நிரலுக்கும் பணியாற்றிக்கும் நடுவில் நிற்கும் புரோக்கருக்கு மட்டும் நல்ல சொல் எனக்கு அகப்படவில்லை. தரகர் என்றால் மறுபடியும் உயர்திணைச் சிக்கல், போதாததற்குக் கமிஷன் வாங்கும் ஆளின் நினைப்பு. ரெடிஸோ, அதே வேலைக்குப் பயன்படும் இன்னொரு மென்பொருளான ரேபிட்எம்க்யூவோ அங்கே செய்வது பணிக்குறிப்பை வாங்கி வைத்திருந்து பணியாற்றியிடம் கொடுப்பதுதான். ‘இடைவைப்பகம்’ என்று யோசித்தேன், கொஞ்சம் நீளம். இதைவிடச் சுருக்கமாக அஃறிணையில் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், வழிகாட்டியின் மொழிபெயர்ப்பில் அந்த அத்தியாயத்தைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.