மறுமொழி: தலை சி.டி. ஸ்கேனில் டி.ஆர்.எல்.லுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். தலை சி.டி. ஸ்கேனில் கொடுக்கிற கதிர் அளவை மற்ற மருத்துவமனைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் எண்தான் டி.ஆர்.எல். (டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல்). அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம், நீங்கள் முன்வைத்த சொற்களுக்கு என் பதில் இது.

> 'கதிரியக்க வரம்பு' என்றே வைத்துவிடலாம், எல்லோருக்கும் புரியும்.

குடியாத்தம் ஐயா எழுதிய இந்த வரியில்தான் எனக்குச் சிக்கல். எல்லோருக்கும் புரியும், ஆனால் தப்பாகப் புரியும்.

முதலில் 'கதிரியக்கம்'. வேலூரில் நான் வேலை பார்க்கும் சி.டி. அறை வாசலில், ஸ்கேன் முடிந்து வெளியே வரும் அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வியே "குழந்தைக்குப் பால் கொடுக்கலாமா, பக்கத்தில் படுக்க வைக்கலாமா?" என்பதுதான். சி.டி. மெஷினில் கதிரியக்கப் பொருள் எதுவும் கிடையாது, எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் நின்றால் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. அறிவிப்பிலேயே கதிரியக்கம் என்று எழுதிவிட்டு அப்புறம் பயப்படாதீர்கள் என்றால் யார் நம்புவார்கள்? 'கதிர்வீச்சு' போதும்.

அடுத்தது 'வரம்பு'. டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல் என்ற பெயரைச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 1996-இல் கொண்டுவந்தபோதே இது வரம்பு அல்ல என்றுதான் சொன்னது. வரம்பு என்பது அறைக்குள் வேலை செய்கிற எங்களுக்கு உண்டு, நோயாளிக்குக் கிடையாது. மூளையில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தால் பார்த்தே ஆக வேண்டும். கணக்கு எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மருத்துவமனையும் தன்னிடம் தலை ஸ்கேன் எடுத்த பெரியவர்கள் சிலருக்கு மெஷின் காட்டிய கதிர் அளவு எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கிறது. அந்த நடு எண்களையெல்லாம் மறுபடி வரிசையில் வைத்து, கீழிருந்து முக்கால் பங்கு தாண்டும் இடத்தில் நிற்கிற எண்தான் டி.ஆர்.எல். மெஷினும் பழக்கமும் மாறினால் இந்த எண்ணும் மாறும். 1999-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டியில் தலைக்கு 60 மில்லிகிரே (கதிர் அளவின் அலகு), அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் பட்டியலில் 75. வரம்பாக இருந்தால் நாட்டுக்கு நாடு மண்டை ஓடா மாறும்?

'வரம்பு 60' என்று சுவரில் ஒட்டிவிட்டு, ஆம்பூர்ப் பக்கம் பைக்கில் விழுந்து நெடுஞ்சாலையிலிருந்து ஆம்புலன்ஸில் வந்தவரின் ரிப்போர்ட்டில் 66 என்று இருந்தால் உறவினர் சும்மா விடுவாரா? அந்த 66-ஐ வைத்து அந்த ஒருவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இன்னொன்று, அது அவர் தலை வாங்கிய அளவுகூட இல்லை. 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள அக்ரிலிக் உருளையில் அளந்த கணக்கை வைத்து மெஷின் காட்டுகிற எண் அது. உடம்புக்கான 32 சென்டிமீட்டர் உருளைக் கணக்கில் அதே ஸ்கேனைச் சொன்னால் எண் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எங்களிடமே புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு "குறைந்துவிட்டது சார்" என்பார்கள்.

> கதிர் மாத்திரை?

திருவண்ணாமலை அம்மாவுக்கு இலக்கணப் பற்று அதிகம், தெரியும். ஆனால் இன்றைக்கு மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்றுதான் கேட்பார்கள். டோஸுக்கு 'அளவு' என்றே இருக்கட்டும்.

> உரைகல் அளவு

கேட்க அழகாக இருக்கிறது, நானும் கொஞ்சம் மயங்கினேன். ஆனால் உரைகல் ஒரே நகையை உரசி இது தங்கமா என்று தீர்ப்புச் சொல்லும். இங்கே தீர்ப்பே கிடையாது. நம் மருத்துவமனையின் நடு எண் தொடர்ந்து மேலே நின்றால், மில்லிஆம்பியர் (எக்ஸ்ரே குழாயில் ஓடும் மின்சாரம்) ஏன் இவ்வளவு வைக்கிறோம், ஸ்கேனை ஏன் கழுத்து வரை இழுக்கிறோம் என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கீழே நின்றால் பெருமைப்படவும் முடியாது. மில்லிஆம்பியரைப் பாதியாக்கினால் கதிரும் பாதியாகும், ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், பக்கவாதத்தின் ஆரம்ப அடையாளம் அதில் மறைந்து போகலாம். அப்புறம் இன்னொரு ஸ்கேன்.

ஆகவே என் முன்மொழிவு 'ஒப்புநோக்களவு'. ஒப்புநோக்கு, அளவு, இரண்டும் சேர்ந்தது. பத்தாம் வகுப்புப் படித்தவர் பிரித்துப் படித்துவிடுவார். 'மேற்கோள் மட்டம்' என்று ஒருவர் எழுதியிருந்தார், மேற்கோள் என்றால் நமக்குக் கட்டுரைதான் ஞாபகம் வருகிறது. வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "இந்த ஆண்டு நம் தலை ஸ்கேன்களின் நடு எண், ஒப்புநோக்களவுக்குச் சற்று மேலே இருக்கிறது." நன்றாகத்தான் உட்காருகிறது. ஒன்று மட்டும், 'ஒப்புநோக்களவை மீறியது' என்று எழுத வேண்டாம், மீறியது என்றதும் வரம்பு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் 'டோஸ்' என்றுதான் சொல்வோம், அதை மாற்றச் சொல்லி யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இந்தச் சொல் சுவர் அறிவிப்புக்கும் நோயாளி கையேட்டுக்கும்தான்.

இன்னும் பாக்கி டி.எல்.பி. (டோஸ் லெங்த் ப்ராடக்ட்). அது மில்லிகிரேயை ஸ்கேன் நீளத்தால் பெருக்கி வருவது. உச்சந்தலையிலிருந்து மண்டை ஓட்டின் அடி வரை போதும் என்கிற இடத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று கீழே இழுத்தால், மில்லிகிரே எண் அசையாது, டி.எல்.பி.தான் ஏறும். 'கதிர்நீளப் பெருக்கம்' சரியா, இல்லை 'கதிர் நீள அளவு' சரியா? கணிதம் நடத்துகிற நண்பர்கள் சொல்லுங்கள்.