சாரா ஜோசஃபைக் கெடுத்தது மேடையா?

தெற்குவாசல்:
மலையாள எழுத்தாளர் சாரா ஜோசஃபின் 'ஆலாஹாவின் பெண்மக்கள்' நாவலைத் தமிழில் படித்து முடித்து இரண்டு நாளாக வேறு எதுவும் ஓடவில்லை. 1999இல் இப்படி ஒன்றை எழுதியவர் அப்புறம் ஏன் மேடை மேடையாக ஏறினார்? 2014இல் ஆம் ஆத்மி வேட்பாளராக திருச்சூரில் நின்றார். 2015இல் சாகித்ய அகாதெமி விருதைத் திருப்பிக் கொடுத்தார். போராளி வளர்ந்தார், எழுத்தாளர் தேய்ந்தார். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

திருச்சூர் மருமகள்:
வந்துவிட்டேன். உங்கள் கணக்கில் வரிசையே தப்பு. பட்டாம்பி சமஸ்கிருதக் கல்லூரியில் மலையாளம் கற்பித்த காலத்திலேயே, 80களின் நடுவில், 'மானுஷி' என்ற பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர் சாரா டீச்சர். பெண் சிசுக்கொலையைச் சொல்லும் 'பாபத்தற' கதையும் அந்தக் காலத்தியதுதான். தெருவில் இறங்கிப் பத்து வருடத்துக்கு மேல் கழித்துத்தான் ஆலாஹா வருகிறது. மேடை கெடுக்கும் என்றால் முதலில் கெட்டிருக்க வேண்டியது நீங்கள் கொண்டாடும் அந்த நாவல்தான்.

தெற்குவாசல்:
வரிசை விஷயத்தில் தோற்றேன், சரி. ஆனால் ஆலாஹா ஏன் நிற்கிறது? எட்டு வயது ஆனிக்கு ஒரு கொள்கையும் தெரியாது. ஊரின் மலமும் செத்த மாடும் வந்து சேரும் கோக்காஞ்சிறையை அவள் சும்மா பார்க்கிறாள். நமக்குக் குமட்டுகிறது, அவளுக்கு அது வீடு. பின்னால் அவர் எழுதிய 'புதினி' நாவலில் அந்தக் கண் இல்லை. யார் பக்கம் நியாயம் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

நூலகவாசி:
குறுக்கே ஒரு வார்த்தை. 'பெண்ணெழுத்து' என்ற பெயரை அவர் தானாகச் சூட்டிக்கொள்ளவில்லை. 'பாபத்தற' தொகுப்புக்கு முன்னுரை எழுதிய மலையாளக் கவிஞர் சச்சிதானந்தன் கொடுத்தது அது. அன்றிலிருந்து அவர் கதையை யாரும் கதையாகப் படிப்பதில்லை. ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அந்த லேபிளைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறார்கள். (நாமும்தான்.) ஆனால் புதினி பற்றித் தெற்குவாசல் சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம்.

திருச்சூர் மருமகள்:
புதினி கதை தெரியாதவர்களுக்கு: 1959 டிசம்பரில் பாஞ்செத் அணைத் திறப்பு விழா. நேருவுக்கு மாலை போட்ட சந்தால் பழங்குடிப் பெண் புதினிக்குப் பதினைந்து வயது. மாலை மாற்றினால் கல்யாணம் ஆன மாதிரி, வேற்று ஆளைக் கட்டிவிட்டாய் என்று ஊர் தள்ளிவைத்தது. பிறகு அணையில் கிடைத்த வேலையும் போனது. நேருவுக்கு நடந்தது ஒரு விழா, அவ்வளவுதான். இதில் இன்னொரு பக்கத்து நியாயம் எங்கே இருக்கிறது, தேடிக் கொடுங்கள் ஐயா.

அப்புறம், ஆலாஹாவைத் தமிழில் படித்துவிட்டுக் கண், பார்வை என்கிறீர்கள். அதன் உயிர் காதில் இருக்கிறது. எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும். மாமியார் சத்தமாக வாசித்தார். திருச்சூர் கிறிஸ்தவ வீட்டுப் பேச்சு அப்படியே வந்தது. 'ஆலாஹா' என்பதே கடவுளுக்கான சுரியானிச் சொல். நடுவில் நிறுத்தி, "இது எங்க அம்மா பேச்சு" என்றார்.

தெற்குவாசல்:
அந்தக் காது எனக்குக் கிடைக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். விருதைத் திருப்பியது மட்டும் நாடகம்தானே?

நூலகவாசி:
அதில் உங்களோடு இல்லை. தார்வாடில் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட கன்னட அறிஞர் கல்புர்கி அதே அகாதெமியின் விருது வாங்கியவர். அகாதெமி வாய் திறக்கவில்லை என்பதுதான் பலருடைய கோபம். விருதுகள் வரிசையாகத் திரும்பி வந்த பிறகு, அக்டோபர் 23 அன்று கண்டனத் தீர்மானம் போட்டார்கள், விருதுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படியும் கேட்டார்கள். வீட்டுக்குள் நடந்த சண்டை அது. எழுத்தாளர் போடாமல் வேறு யார் போடுவது?

தெற்குவாசல்:
சரி, விருதை விடுகிறேன். தேர்தலை விடமாட்டேன். 44 ஆயிரத்துச் சொச்சம் ஓட்டுக்காக அத்தனை நாள் வெயிலில் அலைந்ததற்கு ஒரு அத்தியாயமாவது எழுதியிருக்கலாம்.

திருச்சூர் மருமகள்:
மடத்தை விட்டு வெளியேறும் கன்னியாஸ்திரீ மார்கலீத்தாவின் கதை 'ஒதப்பு'. அதைப் படித்துவிட்டு வாருங்கள், மீதியை அங்கே வைத்துக்கொள்ளலாம். தேர்தல் விஷயத்தில் உங்களுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறார். என் மாமியாரும் அந்த முறை டீச்சருக்கு ஓட்டுப் போடவில்லையாம். இப்போதுதான் கேட்டேன்.